நெட் போனாலும் வைஃபை போக வேண்டியதில்லை

2023 டிசம்பர் முதல் வாரம். மிக்ஜாம் புயல் கடலில் நின்றபடியே கொட்டிய மழையில், தாம்பரம் தாண்டி இருக்கும் எங்கள் தெருவிலும் முழங்கால் அளவு தண்ணீர். கரண்ட் இல்லை, நெட்டும் இல்லை. இன்வெர்ட்டர் புண்ணியத்தில் ரூட்டரில் மட்டும் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. கீழே சாமான்களை ஏறக்கட்டிக்கொண்டிருந்த அப்பா, நனைந்துவிடுமோ என்று வீட்டுப் பத்திரத்தை ஒவ்வொரு பக்கமாகப் போட்டோ எடுத்து, மாடியில் இருந்த எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். இரண்டு போனிலும் வைஃபை குறி முழுசாக இருந்தது. நடுவில் பதினான்கு படிகள்தான். ஆனால் படம் வரவில்லை. அவர் போனில் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் அந்தச் சின்னக் கடிகாரக் குறி அப்படியே நின்றது.

"வைஃபை இருக்குன்னு காட்டுதே, அப்புறம் ஏன்டா போகல?" என்று கீழிருந்து குரல் கொடுத்தார்.

நியாயமான கேள்வி. அதற்கான பதில்தான் இந்தக் கட்டுரை. கம்ப்யூட்டர் படித்திருக்க வேண்டியதில்லை. ரூட்டர் எந்த மூலையில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

வைஃபை வேறு, நெட் வேறு

வைஃபை என்பது உங்கள் ரூட்டருக்கும் வீட்டில் உள்ள போன், லேப்டாப், டிவிக்கும் இடையே இருக்கும் ரேடியோத் தொடர்பு. நெட் என்பது அந்த ரூட்டரிலிருந்து வெளியே போகும் வயர். வயர் அறுந்தாலும் வீட்டுக்குள் இருக்கும் தொடர்பு அறுவதில்லை. ரூட்டர் ஒவ்வொரு கருவிக்கும், பெரும்பாலும் 192.168 என்று தொடங்கும் ஓர் எண்ணைக் கொடுத்து வைத்திருக்கும். அந்த எண் வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும், அதைக் கொடுக்க வெளியே யாரையும் கேட்க வேண்டியதில்லை. பாஸ்வேர்டைச் சரிபார்ப்பதும் போனுக்கும் ரூட்டருக்கும் இடையிலேயே முடிந்துவிடுகிற காரியம். நெட் போனதால் பூட்டு பலவீனமாகிவிடாது.

வாட்ஸ்அப் விஷயம் வேறு. பக்கத்து அறைக்கு அனுப்பினாலும் அது வெளியூர் சர்வர் வரை போய்த்தான் திரும்பி வரும். அப்பாவின் போட்டோ மாடிப்படி ஏற வழி தெரியாமல் வாசலில் நின்றதற்கு அதுதான் காரணம். வீட்டுக்குள்ளேயே சுற்றி வரக்கூடிய செயலிகளை முன்கூட்டியே போட்டு வைத்திருந்தால் ஒரு நொடியில் முடிந்திருக்கும்.

முதலில்: எது போயிருக்கிறது?

நெட் இல்லை என்றதும் ரூட்டரை அணைத்து அணைத்துப் போடுவதுதான் நம் முதல் வேலை. அதற்கு முன்னால் அரை நிமிடம் விளக்குகளைப் பாருங்கள். ஃபைபர் இணைப்புள்ள பெட்டியில் 'பான்' (PON) என்றொரு விளக்கு இருக்கும். அது பச்சையில் அசையாமல் எரிந்தால் ஃபைபர் நன்றாக இருக்கிறது. 'லாஸ்' (LOS) விளக்கு சிவப்பில் மின்னினால் வெளிச்சமே வந்து சேரவில்லை, எங்கோ வயர் அறுந்திருக்கிறது அல்லது அந்தப் பக்கக் கருவி அணைந்திருக்கிறது. நூறு முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அறுந்த வயர் ஒட்டாது. பான் பச்சை, லாஸ் அணைந்திருக்கிறது, ஆனாலும் நெட் இல்லை என்றால் கோளாறு கணக்கிலோ கம்பெனி பக்கத்திலோ இருக்கலாம். அப்போது ஒரே ஒரு முறை ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாம்.

சிவப்பு விளக்கைப் பார்த்துவிட்டீர்களா? சரி, கேபிள்காரருக்குச் சொல்லிவிட்டு வீட்டு வைஃபையைக் காப்பாற்றும் வேலையைப் பாருங்கள்.

கரண்ட்: நிஜமான பிரச்சினை இங்கேதான்

ஃபைபரில் பலருக்கும் தெரியாத ஒரு வசதி உண்டு. எக்ஸ்சேஞ்சிலிருந்து வீடு வரை ஃபைபரே வந்தால், நடுவில் தெருக்கோடியில் இருக்கும் பிரிப்பான் பெட்டிக்குக் கரண்ட் தேவையில்லை. வெளிச்சத்தைக் கண்ணாடி பிரித்துக் கொடுக்கிறது, அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்சில் ஜெனரேட்டர் ஓடி, உங்கள் வீட்டுப் பெட்டிக்கும் கரண்ட் இருந்தால், ஊரே இருண்டு கிடந்தாலும் நெட் வரும். பல நேரம் "நெட் போச்சு" என்று நாம் சொல்வது நம் ரூட்டருக்குக் கரண்ட் போனதைத்தான். சில தெருக்களில் கம்பத்துப் பெட்டி வரை ஃபைபர் வந்து, அங்கிருந்து வீட்டுக்கு லேன் கேபிள் போடுவார்கள். அந்தப் பெட்டிக்குக் கரண்ட் வேண்டும். உங்கள் இணைப்பு எந்த வகை என்று கேபிள்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ரூட்டரின் அடாப்டரைத் திருப்பி அதிலுள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். பெரும்பாலும் 12 வோல்ட், 1 ஆம்பியர் என்று இருக்கும். அதிகபட்சம் 12 வாட். வழக்கமாக அதைவிடக் குறைவாகத்தான் இழுக்கும். ஒரு எல்.இ.டி. பல்புக்கு ஆகிற செலவுதான்.

இதற்கென்றே 'மினி யூ.பி.எஸ்.' என்று கையடக்கப் பெட்டி கிடைக்கிறது. வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள். வோல்ட் சரியாகப் பொருந்த வேண்டும். 9 வோல்ட் ரூட்டருக்கு 12 வோல்ட் கொடுத்தால் புகை வர வாய்ப்பு இருக்கிறது. ஆம்பியர் ரூட்டர் கேட்பதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். மூன்றாவது பின். வெளி விட்டம் 5.5 மி.மீ. என்று ஒரே மாதிரித் தெரியும், உள்துளை மட்டும் 2.1 அல்லது 2.5 மி.மீ. என்று மாறும். மாறிப்போனால் ஒன்று நுழையாது, இல்லாவிட்டால் லூசாக ஆடி, ரூட்டர் விட்டு விட்டு அணையும்.

பெட்டிமேல் 10,000 எம்.ஏ.எச். என்று பெரிதாகப் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லுக்கான கணக்கு. பெருக்கினால் 37 வாட்-மணி. 12 வோல்ட்டாக ஏற்றும்போது வீணாவதைக் கழித்தால் சுமார் 30. உங்கள் பெட்டி 8 வாட் இழுத்தால் நாலு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். ஃபைபர் வந்து சேரும் மோடமும் வைஃபை கொடுக்கும் ரூட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள். நாலு நாள் கரண்ட் இல்லாத வீட்டில் நாலு மணி நேரம் எதற்கு என்று தோன்றும். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம் என்று போட்டு எடுங்கள், இரண்டு நாள் தாங்கும்.

பவர் பேங்கிலிருந்து 12 வோல்ட்டுக்கு ஏற்றும் கேபிளும் கடையில் கிடைக்கிறது. சின்ன ரூட்டருக்கு அது போதும். ஆனால் சாதாரண 5 வோல்ட், 2 ஆம்பியர் துளை தருவதே மொத்தம் 10 வாட். ரூட்டர் அதற்கு மேல் கேட்கும் கணத்தில் அணைந்து மறுபடி எழும். அது திரும்பத் திரும்ப நடந்தால் குறை ரூட்டரில் இல்லை, பவர் பேங்க் தரும் கரண்ட் போதவில்லை.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் மினி யூ.பி.எஸ். ஒன்று வாங்குங்கள் என்றே சொல்வேன். இன்வெர்ட்டரின் பேட்டரியை ஃபேன் தின்றுவிடும். இரண்டாம் நாள் இரவு அது கீச்சென்று கத்தி அடங்கும்போது ரூட்டரும் கூடவே போய்விடும்.

தரைத்தளத்தில் இருப்பவர்களுக்கு ஒன்று: தண்ணீர் வாசல் ஏறுகிறது என்றால் முதல் வேலை மெயினை அணைப்பது. மோடம், யூ.பி.எஸ். எல்லாம் தரையில் கிடக்காமல் ஆள் உயரத்தில் இருக்கட்டும். இடி மின்னல் தொடங்கும் முன்பே, கம்பத்திலிருந்து லேன் கேபிள் வரும் வீடுகளில் அதை ரூட்டரிலிருந்து கழற்றி வைப்பது நல்லது. ஃபைபர் கண்ணாடி என்பதால் மின்சாரம் கடத்தாது, ஆனால் அதை இழுத்துக் கட்ட ஒட்டி வரும் இரும்புக் கம்பி கடத்தும். அந்தக் கம்பியை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே வெட்டி விடச் சொல்லுங்கள்.

பூட்டு: மழைக்கு முன்னால் செய்ய வேண்டியவை

ஐப்பசி பிறப்பதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்குங்கள். வைஃபையில் இருந்தபடி பிரவுசரில் 192.168.1.1 என்று போட்டால் பெரும்பாலும் ரூட்டரின் செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். திறக்காவிட்டால் ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் சரியான எண் இருக்கும்.

பாதுகாப்பு வகை என்ற இடத்தில் டபிள்யூ.பி.ஏ.3 இருந்தால் அது, பழைய போன்கள் உள்ள வீடென்றால் 2, 3 இரண்டும் கலந்தது. வெறும் டபிள்யூ.இ.பி. என்று இருந்தால் அது பூட்டே அல்ல, வெறும் தாழ்ப்பாள்.

பாஸ்வேர்டு விஷயத்தில் நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். பத்தில் ஏழு வீட்டில் மொபைல் நம்பர்தான் பாஸ்வேர்டு என்று பந்தயம் கட்டுவேன். கேபிள் இழுக்க வருபவரே அப்படி வைத்துவிட்டுப் போவார், ஞாபகம் வைக்க எளிது. பிரச்சினை என்னவென்றால், டபிள்யூ.பி.ஏ.2 பூட்டில், உங்கள் போன் வைஃபையில் சேரும்போது பாஸ்வேர்டைச் சரிபார்க்க நடக்கும் 'கைகுலுக்கலை' வெளியே நிற்பவர் பதிவு செய்துகொள்ள முடியும். பிறகு தன் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு எண்ணாகப் போட்டுப் பார்க்கலாம். நம் நாட்டு மொபைல் எண்கள் 6, 7, 8, 9 என்றுதான் தொடங்கும்; மொத்தமே 400 கோடி. நல்ல கிராஃபிக்ஸ் கார்டு உள்ள கணினிக்கு அது ஒரு நாள் வேலைகூட இல்லை. அதனால் சம்பந்தமில்லாத நாலு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து எழுதுங்கள். முருங்கை, திண்ணை, ரயில், கடுகு மாதிரி. ஆனால் இதே நாலு வேண்டாம். 63 எழுத்து வரை இடம் உண்டு.

பாஸ்வேர்டு அடிக்காமலே ஒரு பொத்தானாலோ எண்ணாலோ கருவிகளைச் சேர்க்கும் டபிள்யூ.பி.எஸ். என்ற வசதியை அணையுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை ரூட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்க்கிறது, அதனால் 11,000 முயற்சிக்குள் கண்டுபிடித்துவிடலாம் என்பது 2011-லேயே வெளிவந்த விஷயம். வெளியிலிருந்து ரூட்டரைத் திறக்கும் 'ரிமோட் மேனேஜ்மென்ட்' இருந்தால் அதையும் அணையுங்கள். செட்டிங்ஸ் பக்கத்துக்கான பாஸ்வேர்டு வேறு, வைஃபை பாஸ்வேர்டு வேறு. முதலாவது இன்னும் 'அட்மின்' என்றே இருந்தால் இன்றே மாற்றுங்கள். புது மென்பொருள் வந்திருந்தால் நெட் நன்றாக இருக்கும் நாளிலேயே போட்டுவிடுங்கள்.

இப்போது பேப்பரும் பேனாவும் எடுங்கள். வைஃபை பெயர், பாஸ்வேர்டு, செட்டிங்ஸ் பாஸ்வேர்டு, அப்புறம் ரூட்டர் கம்பெனியின் நெட்டுக்குள் நுழைய கேபிள்காரர் கொடுத்த 'பிபிபிஓஇ' (PPPoE) பயனர் பெயரும் பாஸ்வேர்டும். எழுதி, பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வையுங்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் என் மச்சான். அந்த மழையின் இரண்டாம் நாள், "ரீசெட் பண்ணா வந்துடும் மாப்ள" என்று ஓர் ஊக்கை எடுத்து ரூட்டரின் பின்பக்கத் துளையில் பத்து விநாடி அழுத்தினார். விளக்கெல்லாம் ஒரு முறை அணைந்து எரிந்தது. அத்தனை செட்டிங்ஸும் போயே போச்சு. வைஃபை, கடையிலிருந்து வந்த அன்றிருந்த பெயரோடும் ஸ்டிக்கர் பாஸ்வேர்டோடும் நின்றது. நாலாம் நாள் தெருவுக்கே நெட் வந்தபோது எங்களுக்கு மட்டும் வரவில்லை, பயனர் பெயர் யாருக்கும் ஞாபகம் இல்லை. கேபிள் அண்ணன் வந்து போட்டுக் கொடுக்க மேலும் இரண்டு நாள் ஆனது. இப்போது அந்தத் துளையின் மேல் ஒரு டேப் ஒட்டியிருக்கிறேன்.

போன் ஓடிப்போகாமல் பிடித்து வைப்பது

நெட் இல்லாத வைஃபையைக் கண்டால் போனுக்குப் பிடிக்காது. ஆண்ட்ராய்டு போன் "இணைய வசதி இல்லை, தொடர்ந்து இணைந்திருக்கவா?" என்ற மாதிரி ஒன்றைக் கேட்கும். ஆமாம் என்று சொல்லி, மறுபடி கேட்காதே என்பதையும் தொட்டுவிடுங்கள். தானாக மொபைல் டேட்டாவுக்கு மாறும் வசதி இருந்தால் அந்த நேரத்துக்கு அணைத்து வையுங்கள். ஐபோனில் அதற்கு 'வைஃபை அசிஸ்ட்' என்று பெயர். வி.பி.என். ஓடிக்கொண்டிருந்தால் வீட்டில் உள்ள மற்ற கருவிகள் கண்ணில் படாமல் போகலாம், அதையும் நிறுத்துங்கள்.

பிரிண்டர், பழைய லேப்டாப் போல நிரந்தரமாக ஓரிடத்தில் இருப்பவற்றுக்கு ரூட்டர் செட்டிங்ஸில் மாறாத எண் ஒதுக்கி வையுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டு வராதபோது எண்ணைப் போட்டுக் கூப்பிடலாம்.

இன்னொரு வேடிக்கை. பல ரூட்டர்களுக்குச் சொந்தக் கடிகாரம் கிடையாது, நெட்டில் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்ளும். நெட் இல்லாதபோது அணைத்துப் போட்டால் அதற்கு 1970 ஜனவரி 1 என்று நினைப்பு வந்துவிடலாம். வைஃபை பூட்டுக்கு இதனால் பாதகமில்லை. ஆனால் "ராத்திரி பத்துக்கு மேல் பிள்ளைகள் டேப்லெட்டுக்கு வைஃபை கிடையாது" என்று நேரம் குறித்து வைத்திருந்தால் அது தாறுமாறாகும். எங்கள் வீட்டில் பட்டப்பகலில் டேப்லெட் முடங்கியது, சின்னவள் அதைப் புயலின் மிகப் பெரிய சேதமாக இன்றும் சொல்கிறாள்.

வீட்டுக்குள் என்னென்ன ஓடும்

போட்டோ, கோப்புகளை அனுப்ப 'லோக்கல்சென்ட்' என்ற இலவசச் செயலி. ஆண்ட்ராய்டு, ஐபோன், விண்டோஸ் எல்லாவற்றிலும் ஓடும். ஒரே வைஃபையில் இருக்கும் கருவிகளுக்குள் நேராக, நடுவில் யாரும் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்தே அனுப்பும். வெளியே சர்வர் கிடையாது. எல்லாப் போனிலும் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. நெட் போன பிறகு எங்கே போய் இறக்குவது?

பேச்சுவார்த்தைக்கு 'பிரையர்'. போன்களில் ஆண்ட்ராய்டில் மட்டும்தான், ஆனால் அதே வைஃபையிலோ புளூடூத் தூரத்திலோ இருப்பவரோடு நெட் இல்லாமலே செய்தி பரிமாறும். நேரில் க்யூஆர் காட்டி முன்பே சேர்த்துக்கொண்டால் நல்லது. அடுக்குமாடிக் குடியிருப்பில் நாலைந்து வீடுகள் சேர்ந்து வைத்துக்கொண்டால் தண்ணீர் லாரி வந்ததா, பால் கிடைக்கிறதா என்று கேட்க வசதி.

படிக்க 'கிவிக்ஸ்'. விக்கிப்பீடியாவை மொத்தமாக இறக்கி வைத்துக்கொள்ளலாம். ஆங்கிலம் படங்களோடு நூறு ஜி.பி.யைத் தாண்டும், தமிழ் மெமரி கார்டில் அடங்கிவிடும். படம் பார்க்க, பழைய லேப்டாப்பில் 'ஜெல்லிஃபின்' போட்டு உங்களிடம் இருக்கும் வீடியோக்களை டிவிக்கு அனுப்பலாம்.

கேமரா விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். மெமரி கார்டிலோ வீட்டிலுள்ள ரெக்கார்டரிலோ பதிவு செய்பவை ஓடும்; கிளவுடில் மட்டும் பதிவு செய்பவை கண் திறந்திருக்கும், எதையும் எழுதி வைக்காது. அதுபோலவே செயலியில் அணைக்கும் ஸ்மார்ட் பல்புகள் பலவும் வெளியூர் சர்வரைக் கேட்டுத்தான் அணையும். சுவரில் சாதா ஸ்விட்சை விட்டு வைத்திருப்பது புத்திசாலித்தனம்.

மாற்று நெட்

ஃபைபர் ஒரு கம்பெனி என்றால், அவசரத்துக்கான சிம் வேறு கம்பெனியாக இருக்கட்டும். ஹாட்ஸ்பாட்டைத் திறக்கும்போது பாஸ்வேர்டு இல்லாமல் திறக்காதீர்கள். வீட்டு வைஃபையின் அதே பெயரையும் பாஸ்வேர்டையும் ஹாட்ஸ்பாட்டுக்கு வைத்தால் எல்லாம் தானாக ஒட்டிக்கொள்ளும் என்று சிலர் யோசனை சொல்வார்கள். நான் வேண்டாம் என்பேன். டிவியும் தானாக ஒட்டிக்கொண்டு மென்பொருளை இறக்க ஆரம்பிக்கும், ஒன்றரை ஜி.பி. அரை மணியில் காலி. வேறு பெயர் வையுங்கள், விண்டோஸ் லேப்டாப்பில் அந்த இணைப்பை, டேட்டாவைச் சிக்கனமாகச் செலவழிக்கச் சொல்லும் 'மீட்டர்டு' என்று குறித்துவிடுங்கள்.

டவர் இல்லாமல் ஃபைபர் மட்டும் பிழைத்திருக்கும் நாட்களும் உண்டு. அன்றைக்கு போனில் 'வைஃபை காலிங்'கைப் போட்டால் சாதாரண அழைப்பே வைஃபை வழியாகப் போகும்.

பக்கத்து வீட்டு அக்கா கேட்கும்போது

"தம்பி, உங்க வீட்ல நெட் வருதாமே, பாஸ்வேர்டு சொல்லேன். பையன் துபாய்ல இருந்து பயந்துக்கிட்டு இருக்கான்." இல்லை என்று சொல்ல மனசு வராது, சொல்லவும் வேண்டாம். ஆனால் வீட்டு பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். ரூட்டரில் 'கெஸ்ட் நெட்வொர்க்' என்றிருப்பதைத் திறந்து, அதற்கென்று தனி பாஸ்வேர்டு வைத்துக் கொடுங்கள். விருந்தாளிகள் நெட் மட்டும் பார்க்கலாம், உங்கள் லேப்டாப்போ கேமராவோ அவர்களுக்குத் தெரியாது. அதே காரணத்தால் கெஸ்ட்டில் இருப்பவர்களுக்குள் லோக்கல்சென்ட்டும் வேலை செய்யாமல் போகலாம். வீட்டு ஆட்கள் வீட்டு வைஃபையிலேயே இருக்கட்டும்.

போனில் வைஃபையைப் பகிரக் காட்டும் க்யூஆர் படத்துக்குள் பாஸ்வேர்டு அப்படியே எழுத்தாக இருக்கிறது. ஸ்கேன் செய்பவர் படித்துவிடலாம், வாட்ஸ்அப் குழுவில் போட்டால் தெருவே படிக்கும். கெஸ்ட் க்யூஆரை மட்டும் காட்டுங்கள். யார் எதைப் பார்த்தாலும் இணைப்பு உங்கள் பெயரில்தான் இருக்கிறது.

உங்கள் வைஃபை பெயரிலேயே பூட்டில்லாத இன்னொன்று பட்டியலில் தெரிந்தால் சேராதீர்கள். உங்கள் ரூட்டர் பூட்டைத் தானே கழற்றாது. ஒன்று, யாரோ அதே பெயரில் வலை விரித்திருக்கிறார்கள். இல்லையென்றால் உங்கள் வீட்டிலும் செட்டிங்ஸில் கை வைத்துப் பூட்டைக் கழற்றிய ஒரு மச்சான் வந்திருக்கிறார்.

நெட் வந்த பிறகு

கரண்ட் திரும்பும் முதல் சில நிமிடங்கள் வோல்டேஜ் ஏறி இறங்கும். ரூட்டரை உடனே சுவரில் செருகாமல் கொஞ்சம் பொறுங்கள். முதலில் மோடம், பான் விளக்கு பச்சையானதும் ரூட்டர். கெஸ்ட்டை அணையுங்கள். செட்டிங்ஸில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைப் பாருங்கள், அடையாளம் தெரியாதது இருந்தால் பாஸ்வேர்டை மாற்றுங்கள். தேதி சரியாகிவிட்டதா என்றும் ஒரு பார்வை. மினி யூ.பி.எஸ்.ஸை மறக்காமல் முழுக்க சார்ஜ் ஏற்றுங்கள்.

ஒரு வாரம் கழித்து ஒத்திகை பாருங்கள். தனி ரூட்டர் என்றால் வெளி நெட் வரும் 'வான்' (WAN) துளையில் இருக்கும் கேபிளை உருவினால் போதும். எல்லாம் ஒரே பெட்டி என்றால் பச்சைத் தலையுள்ள ஃபைபர் கனெக்டரில் கை வைக்காதீர்கள், நுனியில் தூசி பட்டாலே சிக்னல் கெடும். செட்டிங்ஸில் 'டிஸ்கனெக்ட்' இருந்தால் அதைப் போடுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை நெட் தானாகப் போகும்வரை காத்திருங்கள். நம் ஊரில் ரொம்ப நாள் ஆகாது.

எங்கள் ஒத்திகையில் லோக்கல்சென்ட் ஓடியது, பிரிண்டர் ஓடியது, அம்மாவின் போன் மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் மொபைல் டேட்டாவுக்கு மாறியிருந்தது. அப்பாவின் பத்திரப் படங்கள் பதினோரு பக்கமும் மூன்று விநாடியில் மாடிக்கு வந்தன. வந்ததா என்று கேட்கக் கீழிருந்து எனக்குப் போன் செய்தார்.